கிடுகோடு ஓடும் மனிதர்

பகல் லுஹர் தொழுகையின் கடைசி இருப்பில் இருந்தேன். அப்போதுதான் அந்த விசில் சத்தம் கேட்டது.

பொலிஸ்காரர் ஊதுகிற மாதிரி நீளமாக, காதைத் துளைக்கிற சத்தம். அதற்குப் பின்னால் யாரோ ஓடுகிற காலடி. அதற்கும் பின்னால் எங்கள் வீட்டுத் துரையின் குரல்.

"மழை! மழை! எடுங்க, மூடுங்க!"

ஸலாம் கொடுத்துவிட்டு, தொழுகைப் பாயைக்கூட மடிக்காமல் பின்வாசலுக்குப் போனேன். வெயில் கண்ணைக் குத்தியது. முற்றத்து மணல் கொதித்துக்கொண்டிருந்தது. கோழிகள் கிணற்றுக்கட்டு நிழலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அந்த வெயிலில், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வாயில் விசிலும் இரண்டு கக்கத்திலும் தென்னோலைக் கிடுகுமாக, நான் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை ஓடிக்கொண்டிருந்தார்.

தட்டியில் நான் பிளந்து காயப்போட்டிருந்த கட்டா மீன் முழுவதும் கிடுகுக்குள் போய்விட்டது. கொடியில் கிடந்த துணியெல்லாம் ஈரத்தோடு ஒரு கதிரையில் குவிந்திருந்தது. என்னுடைய நல்ல வெள்ளைத் துப்பட்டி அடியில் கிடந்து நசுங்கியது.

"எங்க மழை?" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினார். களப்புத் தண்ணீருக்கு மேலே, வெகு தூரத்தில், ஒரு துண்டு மேகம் நின்றது. ஒரு சிரட்டை அளவு இருக்கும். அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தளம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அது திரும்பி வரும் புள்ள. இதுல நான் பழம் தின்டு கொட்டை போட்ட ஆள்."

"அது திரும்பி வாறதுக்குள்ள நான் மவுத்தாப் பெய்த்துருவன். அந்தக் கிடுக எடுங்க முதல்ல. மீன் அவியுது."

வேலிக்கு அப்பால் செய்னம்பு மச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவள் சரியாக அந்த நேரத்தில் வேலியோரம் எதையாவது கூட்டிக்கொண்டிருப்பாள்.

"மச்சி, ஒங்கட ஊட்டு மழை எங்கட ஊட்டுக்கும் வருமா?"

கிடுகை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தேன். உள்ளே மீன் வியர்த்துப் போயிருந்தது. மூன்றாவது தடவையாக அந்த மீன் காயாமல் கெடப் பார்த்தது. அது சும்மா மீன் அல்ல. நான் ஊரைவிட்டுக் கொஞ்ச நாள் போவதற்குக் கட்டிக்கொண்டிருந்த சாமானில் முதல் சாமான் அது.

விசில் வந்த வழி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். போன வாரம் இவர் கிணற்று மோட்டாரைத் திருத்தி, நாங்கள் இரண்டு நாள் பள்ளிவாசல் கிணற்றில் தண்ணீர் அள்ளிய கதையைப் படித்துவிட்டுப் பலர் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். எனக்கல்ல, அவருக்கு. இன்று புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்.

இவர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் உப்பு விளைகிற பாத்திகளை வாய்க்கால் என்றுதான் சொல்வோம். வாய்க்காலில் உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்து, வாரிக் குவித்து வைத்திருக்கிற நேரத்தில் மழை வந்தால் எல்லாம் தண்ணீர்தான். பல மாத வேலை அரை மணித்தியாலத்தில் கரைந்து போய்விடும். ஆகவே வானத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மேகம் திரள்கிற நேரம் விசிலை ஊத வேண்டும். ஊதினதும் அத்தனை பேரும் சோற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, உப்புக் குவியல்களைக் கிடுகால் மூட ஓடி வருவார்கள்.

அந்த விசில் இவரிடம் இருந்தது. ஆள் நல்ல கெட்டிக்காரர் என்றுதான் அங்கே பேர். இவர் ஊதினால் மழை வரும் என்பார்களாம். நான் மறுக்கவில்லை. அங்கே மூட வேண்டிய உப்பு இருந்தது, ஓடி வர ஆட்கள் இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் ஒரு சுவர் மணிக்கூடும் கொடுத்து அனுப்பினார்கள். மணிக்கூடு ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. விசிலைத் திருப்பி வாங்கிக்கொள்ள மட்டும் மறந்துவிட்டார்கள். அங்கே இருக்கிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வந்து வாங்கிக்கொண்டு போங்கள். தேத்தண்ணீர் வைத்துத் தருகிறேன்.

போகாத விருந்தாளி

எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த வீடும் உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு.

ஆகவே மாப்பிள்ளை என்கிறவர் எங்கள் வீடுகளில் ஆயுள் முழுக்க ஒரு விருந்தாளி. உம்மா இருந்தவரை இவருக்கு நேரே நின்று கதைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்புள்ளைட சோத்துல இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து" என்பார். மீனில் நடுத்துண்டு இவருக்கு. நெஞ்செலும்பு இல்லாத கோழித்துண்டு இவருக்கு. நாங்கள் தலையையும் வாலையும் பிய்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. காரணம், இவர் வாய்க்கால் விடுதியில் தங்கியிருந்தார். ஜும்ஆவுக்கு வருவார், ஞாயிறு பின்னேர பஸ்ஸில் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வீடு என்னுடையது. பிள்ளைகளைப் படிப்பித்தது, கூரைக்கு ஓடு போட்டது, வேலிச் சண்டை பிடித்தது, கருவாடு போட்டு விற்றது எல்லாம் நான். இரண்டு நாள் விருந்தாளியை யாருக்குத்தான் பார்க்க ஏலாது?

இப்போது விருந்தாளி வந்தார், பையை வைத்தார், போகவே இல்லை.

பஸ் வருகிற ஞாயிறு பின்னேரத்தில் இன்னும் என்னையறியாமல் வாசலைப் பார்க்கிறேன். இவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இரவைக்கு என்ன?" என்று கேட்கிறார்.

வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று இவருக்குத் தெரியாது. உப்பிலேயே வாழ்ந்த மனிதர், குசினியில் உப்புப் போத்தல் எங்கே என்று என்னைக் கேட்டார். கண்ணுக்கு முன்னால் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட உப்பில்ல, தரமில்லாத உப்பு" என்று ஒரு சான்றிதழ் வேறு.

ராத்தாவின் முழங்கால்

என் ராத்தா அக்குறணையில் இருக்கிறாள். எங்கள் வழக்கத்துக்கு மாறாக மாப்பிள்ளையோடு கிளம்பிப் போனவள் அவள் ஒருத்திதான். மச்சானுக்கு அங்கே கடை. மச்சான் கண்ணை மூடின பிறகும் அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

சித்திரைப் பக்கம் அவளுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்தது. போன் எடுத்தாள்.

"தங்கச்சி, வந்து ரெண்டு கிழமை நிண்டுட்டுப் போவன். ஒண்டும் வேணாம். நீ போடுற கட்டாக் கருவாடு மட்டும் கொண்டு வா. இந்த மலையில காயுறது என்ட துணி மட்டுந்தான், அதுவும் மூணு நாளைக்கொருக்கா."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ராத்தாவின் முழங்காலுக்குத் துஆ செய்துகொண்டே சந்தோசப்பட்டேன். இரண்டு கிழமை! இவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு இரவுகூட நான் வெளியே தங்கியதில்லை. பெரிய மீனாகப் பார்த்து வாங்கி, பிளந்து, உப்பிட்டு, தட்டியில் போட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். இவர் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது.

"ரெண்டு கிழமையா? நான் என்ன சாப்புடுற?"

"அரிசி இரிக்கிது, முட்டை இரிக்கிது, செய்னம்பு மச்சி ஆணம் தருவாள்."

"ராத்தாக்குப் புள்ளைகள் இல்லியா பார்க்க?"

"இரிக்கிறாங்க. என்னைத்தான் கூப்புட்டாள்."

அன்றிலிருந்து வீட்டில் கண்ட கண்ட கோளாறெல்லாம் தொடங்கியது.

சோறு சமைக்கப் பழக்கினேன். ரைஸ் குக்கரைக் கழுவி, உள்சட்டியைக் காயக் கவிழ்த்து வைத்திருந்தேன். இவர் உள்சட்டியை வைக்காமலே அரிசியையும் தண்ணீரையும் குக்கருக்குள் ஊற்றி, சுவிச்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம். பிறகு வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. "சாமான் பழசு" என்றார். மகள் கட்டாரிலிருந்து போன வருடம் அனுப்பிய சாமான்.

அடுத்து போன். அவருடைய தம்பிக்கு என்னைப் பற்றிக் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறார். "தம்பி, நேத்தும் கத்தரிக்காய், இண்டைக்கும் கத்தரிக்காய். மீனெல்லாம் அக்குறணைக்குப் போகுதாம். நான் இஞ்ச அநாதை மாதிரி இரிக்கிறன்." ஆனால் அது போய்ச் சேர்ந்தது தம்பிக்கு அல்ல. எங்கள் பள்ளிவாசல் மஹல்லாக்காரர் எல்லாரும் இருக்கிற போன் குழு. யாராவது மரணித்தால் மையித்து அறிவித்தலும், பெருநாளுக்குப் பிறை அறிவித்தலும் வருகிற குழு.

அன்று பின்னேரம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூடிவைத்த பீங்கான் வரத் தொடங்கியது. இறால் ஆணம், நண்டு, கோழிப் பொரியல், ஒரு வீட்டிலிருந்து வட்டிலப்பம். வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்து, "சாப்புடுங்க காக்கா" என்றார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லதென்று இருந்தது. இவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எந்த வெட்கமும் இல்லாமல், "மாஷா அல்லாஹ், இதுதான் சாப்பாடு" என்று சாப்பிட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் கிடுகு. மேகம் கண்டால் விசில், விசிலுக்குப் பின் கிடுகு. காலையில் வெயிலில் விரிப்பேன், பகலில் மூடுவார், எடுத்து எறிவேன், திரும்ப மூடுவார். கண்டக்குழிப் பக்கம் காற்றுக்குப் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் விளையாட வருகிற வெள்ளைக்காரர் இரண்டு பேர் வேலியோரம் நின்று இதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த நாட்டில் எங்களை வைத்துச் சிரிக்கிறார்களோ தெரியாது.

நான் சொன்ன வார்த்தை

சிரட்டை அளவு மேகம் வந்த அந்தப் பகல்தான் எனக்குப் பொறுமை போனது. வியர்த்த மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னேன்.

"இஞ்ச பாருங்க. இது ஒங்கட வாய்க்கால் இல்ல. இது என்ட ஊடு. என்ட உம்மா தந்த ஊடு. இனிமே என்ட முத்தத்துல கிடுகத் தொட்டீங்கண்டா நடக்கிறது வேற."

செய்னம்பு மச்சியின் விளக்குமாறு நின்றுவிட்டது.

இவர் என்னைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். கிடுகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் அடுக்கி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கதிரையில் கிடந்த ஈரத் துணியை எடுத்து அவரே கொடியில் போட்டார். துப்பட்டியைத் தலைகீழாகப் போட்டார், அது வேறு கதை.

உம்மாவின் வீடு என்பதை இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னதற்கு வருந்தினேனா என்று கேட்டால், இல்லை. துணி காய்ந்தது. மீனும் காயத் தொடங்கியது. அடுத்த நாள் வானத்தில் மேகமே இல்லை. அதற்கு அடுத்த நாள் மேகம் இருந்தது, விசில் இல்லை. இவர் கதிரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு நாள் வெயில் போதும் என்ற நிலையில், ராத்தாவுக்கு ஒரு சாரியும் எனக்கு ஒரு பயணப் பையும் வாங்கப் புத்தளம் போனேன்.

உண்மையான மழை

கடையில் நிற்கும்போதே வெளிச்சம் குறைந்தது. வெளியே வந்து பார்த்தேன். களப்பு கறுத்துக் கிடந்தது. கற்பிட்டிப் பக்கத்து வானம் முழுவதும் ஒரே கறுப்பு. முதல் இடி விழுந்தபோது நான் பஸ்ஸுக்குள் இருந்தேன்.

பாலாவி தாண்டினதும் மழை கொட்டியது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவளுடைய நெல்லை நினைத்துப் புலம்பினாள். நான் புலம்பவில்லை. உள்ளபடி சொல்கிறேன், எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. மேகத்தின் நிழலைக் கண்டாலே கிடுகோடு ஓடுகிற மனிதர் வீட்டில் இருக்கிறார், கடைசியில் ஒருநாள் அந்தப் பைத்தியத்தால் எனக்கு ஒரு பிரயோசனம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் இவரை முழுசாக நம்பிய பஸ் பயணம் அதுதான்.

நான் இறங்கும்போது மழை விட்டிருந்தது. பின்வாசலுக்குப் போனேன்.

தட்டியில் கட்டா ஊறிப் போய்க் கிடந்தது. வயிறுகளில் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டு துண்டு கீழே மணலில் விழுந்திருந்தது. கோழிக்கூட்டுப் பக்கத்தில் கிடுகுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. தாழ்வாரத்தில் கதிரையில், ஒரு சொட்டு நனையாமல், கையில் விசிலை வைத்துக்கொண்டு என் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

அவரே முதலில் பேசினார்.

"தொட வேணாண்டு நீதானே சொன்ன."

"மழை பெய்யுறத பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஓம். நல்ல மழை. நான் சொன்னன்தானே வருமெண்டு."

நான் மணலில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கினேன். அப்போது இவர் எழும்பி வந்து, மிகவும் கரிசனையான குரலில், எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது, இப்படிச் சொன்னார்:

"பாவம் ராத்தா. இப்ப கருவாடு இல்லாம எப்பிடிப் போற? கையை வீசிக்கிட்டா போற? மறுகா மீன் எடுத்து, காயப் போட்டு... ஒரு மாசமாவது போகும், என்ன?"

முகத்தைப் பார்த்தேன். பெருநாள் பிறை கண்ட முகம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. குக்கர், கத்தரிக்காய், கிடுகு, கிடுகு இல்லாமை, எல்லாம். இந்த மனிதர் என்னைப் போக விடமாட்டார். ஞாயிறு ஞாயிறாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய மனிதர் இவர். அந்த ஞாயிறுகளில் ஒன்றிலாவது, நீ என்ன சாப்பிடுவாய், இந்த இருட்டில் பிள்ளைகளோடு எப்படி இருப்பாய் என்று கேட்டதில்லை. இன்றைக்கு இரண்டு கிழமைக்கு நான் போகக் கிளம்பினால் வானத்தையே கூட்டுச் சேர்த்துக்கொள்கிறார்.

"நாளைக் காலைல போறன்" என்றேன்.

"கருவாடு?"

"கையை வீசிக்கிட்டுத்தான் போறன். இது ஒங்கட கருவாடு. கழுவுங்க, உப்புப் போடுங்க, காய வைங்க. உப்புக்காரர்தானே."

அக்குறணையிலிருந்து

ராத்தா என் வெறுங்கையைப் பார்த்தாள். கதையைச் சொன்னேன். முழங்காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

பகல் ஆனால் இவருடைய போன் வரும். ராத்தா கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகப் போட்டு வைப்பேன்.

முதலில் சீனி எங்கே என்று கேட்டார். அடுத்த நாள், பூனை தட்டியில் ஏறப் பார்க்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். விசில் ஊதச் சொன்னேன். பிறகு ஒருநாள் செய்னம்பு மச்சியே எனக்குப் போன் எடுத்தாள்.

"மச்சி, என்னத்தச் சொல்ல. காலைல இருந்து பின்னேரம் அஸர் வரைக்கும் தட்டிக்குப் பக்கத்துலதான் குந்திக்கிட்டு இரிக்கிறார். காகம் வந்தா விசில். நான் ஆணம் கொண்டு போனா, மெல்ல நடங்க தூசி படும் எண்டுறார். இன்னொண்டு. கேஸ் அடுப்பு பத்த வெக்கப் பயத்துல வெளியில மூணு கல்லு வெச்சு, அந்தக் கிடுகெல்லாத்தையும் எரிச்சுச் சோறாக்கிட்டார். ஒண்டுமில்ல இப்ப, மழை வந்தா மூட."

போனை வைத்த பிறகு பாவமாகத்தான் இருந்தது. இவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். படித்தால் தலையில் ஏறிவிடும். நான் தட்டி முழுக்க ஒரு ஆளைக் காயப்போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. ஆனால் ராத்தாவின் வீட்டு ஜன்னலோரம் குளிர்காற்று வந்தது. கையில் யாரோ போட்டுத் தந்த தேத்தண்ணீர் இருந்தது. இரவைக்கு என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் பகல் போன் வந்தது. இவருடைய குரலில் பழைய மேற்பார்வையாளர் இருந்தார்.

"புள்ள, காஞ்சிட்டுது. எல்லாம் காஞ்சிட்டுது. கல்லு மாதிரி இரிக்கிது. இண்டைக்கே பஸ் ஏறினா வந்துரலாம். நான் பஸ்ஸடிக்கு வந்து நிக்கிறன்."

நான் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லாக் காஞ்சிட்டா?" என்றேன்.

"அல்லா அறிய, நல்லாக் காஞ்சிட்டுது."

"ஒரு பக்கம்தானே காஞ்சிரிக்கும். திருப்பிப் போடுங்க. மத்தப் பக்கமும் காயட்டும்."